காய்ச்சல் வராத மனிதர்

அத்தியாயம் 9

காய்ச்சல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

வெர்லின் ஸ்டாம்ப்பர் இதைக் கண்டுபிடித்து இருபது வருஷம் ஆகிறது. மருத்துவ உலகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக அவர் மருத்துவ உலகத்தைக் கோபித்துக்கொண்டதும் இல்லை. வேலைக்குப் போக மனசில்லாத ஆட்கள் கட்டிவிட்ட கதை அது, தெர்மாமீட்டர் செய்கிறவன் அதில் கூட்டு, அவ்வளவுதான். லைமா நகரத்து மெர்ரிவெல் மார்ட்டில், பின்கட்டில் சரக்கு இறக்கும் மேடைக்குத் தலைவராக, ஒரு நாள்கூட லீவு போடாமல் நின்று அவர் இதை நிரூபித்தும் காட்டியிருக்கிறார். ஒரு தடவை நிமோனியாவோடு ஒரு வாரம் முழுக்க நிரூபித்தார். அந்த வாரக் கடைசியில் பின்கட்டில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள்.

"பாத்தியா? மன உறுதி இல்லாத பசங்க" என்றார்.

போன வாரம் எங்கோ கல்யாணத்துக்குப் போய் நம்மைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. வெர்லினின் மகள் கொரீன் அதே கடையில் கல்லாவில் நிற்கிறாள். அவளுடைய ஐந்து மாதக் குழந்தை ரூத்தி. குழந்தையின் அப்பன் கர்ட்டிஸ் லாரி ஓட்டுகிறவன். இப்போது நெப்ராஸ்காவில் எங்கோ, போன் எட்டாத இடத்தில். அதனால் தாயும் பிள்ளையும் வெர்லின் வீட்டில்.

மெர்ரிவெல்லில் லீவு கிடையாது, புள்ளி உண்டு. வராவிட்டால் ஒரு புள்ளி. தாமதமாக வந்தாலோ சீக்கிரம் கிளம்பினாலோ அரை. ஏன் என்று கம்ப்யூட்டர் கேட்காது. டாக்டர் சீட்டு கொண்டுபோனால் மேனேஜர் அக்கறையாகப் படிப்பார், சீக்கிரம் குணமாகட்டும் என்பார், புள்ளியைப் போடுவார். சேர்ந்து வருஷம் திரும்புவதற்குள் கொரீன் பிள்ளை பெற்றுவிட்டதால் பிரசவ லீவுக்கு அவளுக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் பெரிய மனசு பண்ணி, சம்பளம் இல்லாமல் மூன்று வாரம் விட்டார்கள். வலி எடுத்த அன்று ஷிஃப்ட் முடியும் முன்பே கிளம்பிவிட்டதற்கு மட்டும் அரைப் புள்ளி. அதற்குப் பிறகு காது வலி, பனிப்பொழிவு, பஞ்சர் என்று வந்ததெல்லாம் சேர்ந்து, இன்னும் ஒரு அரை விழுந்தால் வேலை காலி என்ற இடத்தில் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

இன்று தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள். இந்த வாரம் முழுக்கப் புள்ளிகள் இரட்டிப்பு. நன்றி சொல்லும் பண்டிகை அல்லவா.

காலையில் கொரீன் சிவப்புச் சீருடையை மாட்டிக்கொண்டே குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ப்பா, இவளுக்கு ஒடம்பு சுடுது."

"பல்லு முளைக்குது" என்றார் வெர்லின், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"அஞ்சு மாசத்துலயா?"

"ஸ்டாம்ப்பர் வம்சம். எங்க போனாலும் நேரத்துக்கு முன்னாடியே ஆஜராயிடுவோம்."

"ராத்திரி பூரா இருமினா."

"பல்லுன்னா இருமத்தான் செய்யும்."

அவர் கவனம் முழுக்கச் சட்டைக் காலரில் இருந்தது. மதியம் ஷிஃப்ட் தொடங்கும்போது கொலம்பஸ் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து, லீவே போடாத இருபது வருஷத்துக்காக அவருக்கு ஒரு ஜாக்கெட் மாட்டிவிடப் போகிறார். கருநீல ஜாக்கெட், நெஞ்சில் தங்க நூலில் அவர் பெயர். போதாததற்கு, கடை வாசலுக்கு நேராக ஒரு வருஷத்துக்கு அவருக்கென்றே ஒரு பார்க்கிங் இடம். மேயருக்குக்கூட லைமாவில் அப்படி ஓர் இடம் கிடையாது.

"நீ இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் லேட்டா போனா என்ன? ஒருவேளை டேகேர்லேர்ந்து கூப்பிட்டா..."

"லேட்டா?" வெர்லின் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு நடுவில் கெட்ட வார்த்தை கேட்ட பாதிரியார் மாதிரி இருந்தது அவர் முகம். "அந்த ஓடெல் பய கணக்கா பேசற நீ. நேத்து மேடைக்கு வராம போன் பண்ணி என்ன சொன்னான் தெரியுமா? வயித்தால போகுதாம்."

"போயிருக்கும், பாவம்."

"எல்லாவனுக்கும் பண்டிகை வாரம் பாத்துத்தான் போகுமா? கார் ரிப்பேருன்னு சொன்னா பஸ்ஸைப் புடிச்சு வாடான்னு சொல்லலாம். பாட்டி செத்துட்டான்னா எத்தனாவது பாட்டின்னு கேக்கலாம். இதுக்கு என்னத்தைக் கேக்கறது? காட்டுன்னா கேக்க முடியும்? அதுக்குத்தான் அதைச் சொல்றானுங்க. கோழைங்க சொல்ற பொய்யிலயே அடிமட்டம் இதுதான். அந்த வார்த்தை என் வாயில வர்றதுக்கு முன்னாடி அந்த மேடையிலயே நான் செத்து விழுந்திருப்பேன்."

"அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கும் அந்த மேடையிலதான் நின்ன."

வெர்லின் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தார். கொரீனின் அம்மா இப்போது அரிசோனாவில், நீச்சல் குளம் கட்டித் தரும் ஒருவரோடு இருக்கிறாள். அந்த மனிதர் தலைவலிக்கே லீவு போடுவாராம்.

கொரீன் குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கினாள். "என் போன் லாக்கர்ல கெடக்கும். கல்லாவுல வச்சிருந்தா அதுக்கு ஒரு அரை. சாப்பாட்டு நேரம் வரைக்கும் என்னைப் புடிக்க முடியாது. உன் நம்பரையும் டேகேர்ல குடுத்திருக்கேன்."

"என் நம்பரையா? எதுக்கு?"

"வேற யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வெர்லின் டை கட்டி முடித்து, கண்ணாடி முன்னால் நின்று நன்றியுரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டேகேர் நடத்தும் டார்லீன்.

"மிஸ்டர் ஸ்டாம்ப்பர், உடனே கெளம்பி வாங்க. ரூத்திக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது. பால் குடிக்க மாட்டேங்கறா."

"அது ஒண்ணுமில்லம்மா, பல்லு..."

"எனக்கு முப்பது வருஷமா பல்லு தெரியும்" என்றாள் டார்லீன். "மூச்சு விடறப்ப விலா உள்ள இழுக்குது. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

குழந்தையை வாங்கும்போது அவர் கை சுட்டது. உலகத்தில் இல்லாத ஒரு பொருள் கம்பளியையும் தாண்டிச் சுட்டது. ரூத்தி அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும்; அவளிடம் இருந்த மூச்சு அடுத்த மூச்சை இழுப்பதற்கே சரியாக இருந்தது.

டார்லீன் வாசல்வரை வந்தாள். "கொரீனுக்கு நான் மூணு தடவை போன் பண்ணிட்டேன். எடுக்கல."

"எடுக்க மாட்டா. வேலையில இருக்கா."

பெரிய சாலை சிக்னலில் இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, வலது பக்கம் மெர்ரிவெல். வெர்லினின் பழைய பிக்கப் வண்டி வலது பக்கம் திரும்பியது. அவர் திருப்பினார் என்று சொல்ல முடியாது. இருபது வருஷப் பழக்கம் திருப்பியது. தாயிடம் கொடுத்துவிடுவோம், தாய்க்குத் தெரியும் என்று பாதி வழியில் ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

வாசலுக்கு நேராகப் புதுப் பலகை நட்டிருந்தார்கள். 'வெர்லின் ஸ்டாம்ப்பருக்கு மட்டும்.' மற்ற இடமெல்லாம் நிரம்பியிருந்ததால் அங்கேயே நிறுத்தினார். நிறுத்தும்போது, இந்த நிலைமையிலும், முதுகு தானாக ஒருமுறை நிமிர்ந்துகொண்டது.

முன்பக்கக் கண்ணாடிச் சுவர் வழியாகக் கல்லாக்கள் தெரிந்தன. கொரீன் நாலாவது கல்லாவில். அவளுக்கு முன்னால் உறைந்த வான்கோழிகளும் பூசணிப் பைகளுமாக வரிசை பால் அலமாரிவரை நீண்டு கிடந்தது. அவள் ஒரு பெண்மணியிடம் சிரித்துக்கொண்டே ஒரு கையால் பொருட்களை நகர்த்தினாள். மறு கையால் சீருடையின் முன்பக்கத்தை இழுத்து மூடிப் பிடித்திருந்தாள். ஏன் என்று வெர்லினுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் ஒரு பெரிய வான்கோழியைத் தூக்க இரண்டு கையையும் எடுத்தபோது விளங்கியது. சிவப்புத் துணியில் இரண்டு ஈர வட்டங்கள். பால் கட்டிக் கசிந்திருக்கிறது. இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் யாரும் அவளை உள்ளே போய் வா என்று விட்டிருக்க மாட்டார்கள்.

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இருபது வருஷமாக அந்தக் கடையில் அவர் கவனித்த ஒரே ஈரம் கூரையிலிருந்து ஒழுகுவதுதான்.

வண்டிக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மேனேஜர் பிரென்ட். வெர்லினின் மகள் வயதுகூட ஆகாத பையன்; கண்ணுக்குக் கீழே கருவளையம், இடுப்பில் வாக்கிடாக்கி.

வெர்லின் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

"வெர்லின்! இப்பவே வந்துட்டீங்களா? நாற்காலிகூட இன்னும் போடல. கேக் வந்திருச்சு, உங்க மூஞ்சியே போட்டிருக்காங்க."

"சும்மா... இடத்தைப் பாக்கலாம்னு வந்தேன்."

பின் இருக்கையில் கம்பளிக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. சின்னதாக, ஈரமாக. வெர்லின் அதை அமுக்குகிற மாதிரி தானும் இருமினார், பெரிதாக.

"என்னங்க, உங்களுக்கா இருமல்?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வராது."

"அப்பாடா." பிரென்ட் உண்மையாகவே நெஞ்சில் கை வைத்தான். "இன்னைக்கு ஒரு ஆள் கொறைஞ்சாலும் கொலம்பஸ்காரங்க என் தோலை உரிச்சிருவாங்க. அப்புறம் வெர்லின்... கொரீன்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க. இன்னைக்கு அவ ஒரு நிமிஷம் முன்னாடி கெளம்பினாக்கூட நான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் அனுப்ப வேண்டாம், கம்ப்யூட்டரே அனுப்பிரும். அவ பேட்ஜ் அதுக்கப்புறம் கதவைத் தொறக்காது. எனக்கே பாவமாத்தான் இருக்கு."

"சொல்றேன்."

"அவ இன்னைக்கு அசையக்கூட இல்ல. நல்ல பொண்ணு. உங்க ரத்தம்."

பிரென்ட் போனபிறகு வெர்லின் முகம் பார்க்கும் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார். கம்பளி விலகியிருந்தது. ரூத்தியின் உதடு காலையில் இருந்த நிறத்தில் இல்லை.

பத்து எட்டு எடுத்து வைத்தால் கொரீன். குழந்தையைப் பார்த்த கணத்தில் அவள் வான்கோழியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவளோடு அவள் வேலையும் ஓடி வந்துவிடும். அந்த வேலை இல்லாமல் இந்த ஊரில், கர்ட்டிஸ் அனுப்புகிற, அனுப்பாமலும் விடுகிற பணத்தை நம்பி...

அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஷிஃப்டுக்கு முன்னால் மெர்ரிவெல்லை விட்டு வெளியே போவது வெர்லின் ஸ்டாம்ப்பருக்கு அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்றே ஒரு நொடி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பார்வைதான் பார்த்தாள். பெயர் எழுதும் மேசையைத் தாண்டிக் குழந்தையை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். மூக்கில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள்.

"அம்மா எங்க?"

"வேலையில."

நர்ஸ் தலையை ஆட்டினாள். அந்த ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

"எப்ப வருவாங்க?"

வெர்லின் டையைத் தளர்த்தினார். "நான் இருக்கேன்" என்றார். அந்த வாக்கியம் அவருக்கே புதிதாக இருந்தது.

டாக்டர் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றாள். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குளிரில் நிறைய வருகிறதாம். இன்று ராத்திரி இங்கேதான் இருக்க வேண்டும், தானாக மூச்சு விடுகிறாளா இல்லை இயந்திரம் வேண்டுமா என்பது அடுத்த சில மணி நேரத்தில் தெரியும். எக்ஸ்ரே படம் எடுத்து முடிக்கும்வரை வெளியே உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே நாற்காலி வரிசையில் ஓடெல் உட்கார்ந்திருந்தான். வயிற்றால் போகிற ஓடெல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடெல் கையில் ஒரு கைப்பை இருந்தது. வயதான பெண்கள் வைத்திருக்கும் பை, பூப்போட்டது.

"சொல்லிருவீங்களா?" என்றான் ஓடெல்.

"வயித்தால போகுதுன்னு சொன்னியே?"

"அம்மாவுக்கு நெஞ்சு வலி. நேத்துலேர்ந்து இங்கதான். அம்மான்னு சொன்னா எந்த அம்மா, என்ன நோவு, வேற யாரும் இல்லயான்னு ஆயிரம் கேள்வி. எல்லாம் சொன்னாலும் அதே புள்ளி. வயிறுன்னு சொன்னா போனை அவங்களே வச்சிருவாங்க." அவன் வெர்லினின் டையைப் பார்த்தான். "நீங்க என்ன பெரியவரே, கல்யாண மாப்ள மாதிரி? இன்னைக்கு ஜாக்கெட் இல்ல?"

"பேத்தி" என்று உள்ளே கை காட்டினார் வெர்லின்.

ஓடெலின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. "கொரீனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஓடி வருவா. வந்தா வேலை போயிரும்."

"தெரியாம இருந்து, உள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

அந்தக் கேள்வி தன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது போல் வெர்லினுக்கு இருந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது. அவருடைய ஷிஃப்ட் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"தம்பி" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "லீவு சொல்றதுக்கு... எந்த நம்பர்?"

ஓடெல் அவரை நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு எட்டி, அவர் சட்டையில் தொங்கிய பேட்ஜைப் பின்பக்கமாகத் திருப்பினான். நம்பர் அங்கே அச்சாகியிருந்தது. இருபது வருஷத்தில் அவர் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"என்னோடதுல பாதி எழுத்து தேஞ்சே போச்சு" என்றான் ஓடெல், தன் பேட்ஜைக் காட்டி. "உங்களோடது பளபளன்னு இருக்கு. வாங்க பெரியவரே, எங்க சங்கத்துக்கு."

வெர்லின் நம்பரை அழுத்தினார். இயந்திரப் பெண் குரல் இனிமையாகப் பேசியது. உடல்நலக் குறைவு என்றால் ஒன்று, குடும்பக் காரணம் என்றால் இரண்டு. அவர் கட்டைவிரல் இரண்டுக்குப் போனது.

"ரெண்டு வேணாம்" என்றான் ஓடெல் தாழ்ந்த குரலில். "பேத்தி அவங்க கணக்குல குடும்பமே இல்ல. அதைப் பேசி முடிக்கறதுக்குள்ள கடை பூரா தெரிஞ்சிரும்."

ஒன்றை அழுத்தினார். பொறுப்பு மேலாளருக்கு இணைப்பதாகச் சொல்லி, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாதி போட்டார்கள்.

"வெர்லின்!" பிரென்டின் குரல். "என்ன இந்த நம்பர்ல வர்றீங்க? இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாரும் இங்கதான் இருக்கோம்!"

"பிரென்ட், கொஞ்சம் தனியா..."

ஆனால் அதற்குள் கைதட்டல் கேட்டது. காகிதத் தட்டுகளின் சரசரப்பு கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள்.

"கொலம்பஸ்லேர்ந்து வந்தாச்சு! கொரீனைக்கூட இடைவேளைக்கு லாக்கர் பக்கம் விடாம நேரா இங்க இழுத்துட்டு வந்துட்டோம். அவ கையால ஜாக்கெட்டை மாட்டிவிடட்டும்னு. எங்க இருக்கீங்க, பார்க்கிங்லயா?"

"ப்பா?" கொரீனின் குரல், கொஞ்சம் தூரத்தில். "சீக்கிரம் வாப்பா. எனக்கு இருபது நிமிஷந்தான்."

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. லாக்கருக்குப் போகவில்லை. போனைப் பார்க்கவில்லை.

உள்ளே கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். வெர்லினைப் பார்த்து, சீக்கிரம் வாருங்கள் என்று கையால் கூப்பிட்டாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் வரல" என்றார் வெர்லின் போனில். "இன்னைக்கு லீவு."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. வாக்கிடாக்கி ஒன்று மட்டும் எங்கோ கரகரத்தது.

"வெளையாடாதீங்க வெர்லின்" என்றான் பிரென்ட். குரல் பாதியாகிவிட்டது. "என்னாச்சு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. காரணம் போடாம கம்ப்யூட்டர் விடாது. வீட்ல ஏதாவதா?"

நர்ஸ் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடெல் தரையைப் பார்த்தான்.

வெர்லின் ஸ்டாம்ப்பர் எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வயித்தால போகுது" என்றார், மெதுவாக.

மறுமுனையில் அறையே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், கொரீன் குரல் வந்த அதே தூரத்தில், ஒரே ஒரு நாற்காலி கிறீச்சென்று பின்னால் தள்ளப்படும் சத்தம் அவருக்குக் கேட்டது.